கப்பல் வரும்வரைக்கும்

மதியம் ஊர் வானொலியில் நபாச்சியின் குரல் வந்தபோது மோசேசி ஒரு காய்ந்த மீன் துண்டை கடல்நாய்க் கொழுப்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "நபாச்சி பேசறேன். எங்க வண்டியில பிரேக் பிடிச்சா லிவர் கைப்பிடியோட போய் ஒட்டிக்குது. நாளைக்கு நான் ஆத்துக்குப் போகணும். உள்ள பூந்த ஏரை எடுத்துப் புது ஆயில் ஊத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வாங்க. ஆயில் எங்கிட்ட இருக்கு." வானொலியை நடத்தும் ஊலீப்பிக்கா, "யாராவதா? யாருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று சிரித்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போனாள். ஊரில் மொத்தம் நானூற்றுச் சொச்சம் பேர். அதில் பிரேக்கைப் பிரித்து, அது மறுபடி பிடிக்கும்படி மாட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மோசேசி மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நபாச்சி அவருடைய தம்பி சிமியோனியின் மனைவி. அண்ணனும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது அந்த வடதுருவக் கடற்கரையில் பழைய வழக்கம். பகையொன்றும் இல்லை, மரியாதைதான். இளசுகள் இதையெல்லாம் கைவிட்டு ரொம்ப நாளாயிற்று. இவர்கள் இருவரும் மட்டும் முப்பத்தொரு வருடமாக ஒரு வார்த்தை பிசகாமல் காப்பாற்றி வந்தார்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சிமியோனியிடம் சொன்னால் போதும். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அவன் அதைத் திருப்பிச் சொல்லுவான், பல சமயம் தன் சரக்கையும் சேர்த்து. "அண்ணன் சொல்றாரு, உன் கறி பூட்ஸ் தோல் மாதிரி இருக்காம்." மோசேசி பதறிப்போய்த் தலையை ஆட்டுவார். "அப்படின்னா பூட்ஸைக் கழட்டித் தின்னச் சொல்லு," என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். இப்படியே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது.

இப்போது இடையில் நின்று பேச சிமியோனி இல்லை. ஏழு வாரமாகத் தெற்கே, மூன்று மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்து படுத்திருக்கிறான். ஆற்றுக்கு இறங்கும் சறுக்கலில், மோட்டார் பைக் போலக் கைப்பிடி வைத்த அவனுடைய நாலு சக்கர வண்டியின் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி அவனைக் கீழே போட்டு அவன் மேலேயே புரண்டுவிட்டது. பழைய வண்டி, பழைய குழாய், அப்படித்தான் ஆகும் என்று ஊரே சொன்னது. மோசேசியும் கூடவே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் ஏழு வாரமாக அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் எல்லாம் கப்பலை நம்பித்தான். வருடத்துக்கு ஒரு முறை, பனிக்கட்டி விலகிய பிறகு, சாமான் கப்பல் வரும். அதுவரைக்கும் கதவுக்கு ஆணி இல்லையென்றால் கயிறு. கண்ணாடி இல்லையென்றால் பலகை. பழைய கையுறையின் தோலை வெட்டி மோட்டாருக்கு வாஷர் போட்டவர்கள் அவர்கள். கப்பல் வரும்வரைக்கும் என்று சொல்லிவிட்டால் எந்த ஒட்டு வேலைக்கும் மன்னிப்பு உண்டு. ஜூலையில் சிமியோனி வந்து, "அண்ணே, பிரேக் ஆயில் டப்பாவுல ஒண்ணுமே இல்லண்ணே, அடி தெரியுது. நாளைக்குக் காலைல கிளம்பணும்," என்று நின்றபோது, கடையில் பிரேக் ஆயில் தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மோசேசியின் கொட்டகையில் பனிவண்டி எஞ்சினுக்கு ஊற்றும் நீல எண்ணெய் இருந்தது. பிரேக்கில் அதை ஊற்றக் கூடாது, உள்ளேயிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் செய்திருந்தால் அது வெறும் தவறு, அவ்வளவுதான். ஒரு வாரம் தாங்கும், கப்பல் வந்ததும் எல்லாவற்றையும் கழுவி மாற்றிவிடலாம் என்று அவர் ஊற்றினார். தம்பி கொட்டகைக்கு வெளியே நின்று யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் பனி நேரத்துக்கு விலகவில்லை. கப்பல் மூன்று வாரம் பிந்தி வந்தது. வந்தபோது பிரேக் ஆயில் பெட்டி பெட்டியாக இறங்கியது. சிமியோனியை விமானத்தில் ஏற்றி அன்றைக்கு நாலாவது நாள்.

அவர் ஸ்பானர்களையும் ஒரு முழ ரப்பர் குழாயையும் ஒரு காலி ஜாம் ஜாடியையும் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டியில் போனார். நபாச்சியின் வீட்டு முன்னால் சரளைக் கல்லின் மேல் தம்பி வண்டி நின்றது. ஒரு பக்கத்து மண்காப்பு உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்தது. நபாச்சி படியில் உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். இவர் முகத்தை மலை பக்கம் வைத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவே கஜுக் படுத்திருந்தது. செம்பழுப்பு நிறக் கிழட்டு நாய். ஒரு காலத்தில் சிமியோனியின் சறுக்குவண்டியை இழுத்த கூட்டத்துக்கே தலைமை. இப்போது ஓய்வு. கட்டிப்போடுவதும் இல்லை.

இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது, பேசாமல் செய்ய முடியாது. ஒருவர் லிவரைப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் காற்றை வெளியேற்றும் சின்னத் திருகை, நிப்பிளை, திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும்போது லிவரை விட்டால் போச்சு, வெளியே போன காற்றெல்லாம் உள்ளே வந்துவிடும். கடைசியில் நபாச்சிதான் வழி கண்டுபிடித்தாள்.

"கஜுக், பெரியவருகிட்டக் கேளு. நான் எங்க நிக்கணும்?"

மோசேசி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கஜுக், சீட்டுல ஏறி உக்காரச் சொல்லு. வலது கைப் பக்கத்து லிவர்."

கஜுக் ஒரு காதைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டது.

அவர் முதலில் கைப்பிடியில் இருக்கும் ஆயில் டப்பாவைச் சுற்றித் துடைத்தார். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் தகடு அப்பம் போல உப்பி, ஓரமெல்லாம் நெளிந்து, எழும்பி நின்றது. எதிர்பார்த்ததுதான். நபாச்சி சீட்டில் ஏறிக்கொண்டிருந்தாள், முகம் கடலைப் பார்த்து இருந்தது. அவர் அந்தத் தகட்டை எடுத்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பழைய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார், துணியில் நீலம் தெரியாதபடி சுருட்டிக்கொண்டார். அறுபதை நெருங்கும் ஆள், திருடனைப் போலச் செய்தார். புது ஆயில் பாட்டிலின் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு, வலது சக்கரத்தின் அடியில் அட்டையைப் போட்டுப் படுத்தார். நிப்பிளில் குழாயை மாட்டி, மறு முனையை ஜாடிக்குள் விட்டார்.

"கஜுக், மூணு தடவை மெதுவா அமுக்கி, நாலாவதுல பிடிச்சுக்கச் சொல்லு."

"கஜுக், பிடிச்சாச்சுன்னு சொல்லு."

அவர் நிப்பிளைக் கால் திருப்பு திருப்பினார். குழாயில் கறுப்பாக ஒரு வாய் வந்தது, பின்னாலேயே குமிழிகள். மூடினார். "விடச் சொல்லு."

"விட்டாச்சு."

பத்துப் பன்னிரண்டு தடவை போனதும் வேலைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. பிடிச்சாச்சு, விடச் சொல்லு, விட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் கஜுக்கின் பெயர் வந்துகொண்டே இருக்க, நாயும் தன்னை யாரோ பெரிய வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ எழுந்து உட்கார்ந்து இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. தண்ணீர் லாரியில் போன பக்கத்து வீட்டு லேவி வண்டியை நிறுத்திக் கத்தினான்: "என்ன மோசேசி, நாய்க்கு மெக்கானிக் வேலை கத்துக் குடுக்கறியா? சம்பளம் எவ்ளோ?" நபாச்சி சிரித்துவிட்டாள். கைப்பிடி குலுங்கியது. "கஜுக், லேவிகிட்டச் சொல்லு, அவனைவிட உனக்கு நல்லாவே வேலை தெரியும்னு." மோசேசிக்கும் சிரிப்பு வந்தது. அட்டையில் படுத்தபடி அவர் சிரித்தார். சிரித்ததும் உடனே மனது கசந்தது. தம்பி வீட்டு வாசலில், தம்பியை முறித்த வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, பையில் அந்த ரப்பரை வைத்துக்கொண்டு, சிரிப்பு.

இடையிடையே நபாச்சி நாயிடம் பேசினாள். பேச ஆளில்லாமல் ஏழு வாரம் இருந்தவளின் பேச்சு. "கஜுக், உங்க அப்பா அங்க ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கிறாராம். தட்டுல வைக்கிற கோழியப் பாத்துட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறாராம். நர்ஸ் ஃபோன் பண்ணினா. அவருக்கு ஆத்து மீன் வேணுமாம், நான் வெட்டினதுதான் வேணுமாம். வெள்ளிக்கிழமை விமானத்துல போறவங்க கிட்டக் குடுத்தனுப்பப் போறேன்." அதையெல்லாம் அவள் யாருக்குச் சொல்கிறாள் என்பது நாய் உட்பட எல்லோருக்கும் தெரியும். மோசேசி இடது சக்கரத்துக்கு மாறிப் படுத்தார்.

ஜாடி பாதி நிரம்பியபோது அவர் அதைப் பார்க்காமலிருக்க முயன்றார், முடியவில்லை. இரண்டு எண்ணெயும் ஒன்றோடொன்று சேரவில்லை. கீழே தேநீர் நிறத்தில் பிரேக் ஆயில், மேலே ஒரு விரல் கனத்துக்கு நீலம், நடுவில் கோடு போட்டது போல. அவர் ஜாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

சீக்கிரமே குழாயில் சுத்தமான ஆயில் வர ஆரம்பித்தது, ஒரு குமிழி இல்லை. மேலே நபாச்சி லிவரை இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது.

"கஜுக்! பெரியவருகிட்டச் சொல்லு, புது வண்டி மாதிரி பிடிக்குது. நாளைக்குக் காலைல இதுலயே சறுக்கல்ல இறங்கப் போறேன்."

இதுதான், இந்தச் சொல்லுக்குத்தான் அவர் மதியத்திலிருந்து பயந்துகொண்டிருந்தார். லிவர் இன்றைக்குக் கல் மாதிரி நிற்கும். நாளைக்கும் நிற்கலாம். ஆனால் உள்ளே சிலிண்டரில் இருக்கும் ரப்பரெல்லாம் பையிலிருக்கும் தகடு போலவே உப்பிக் கிடக்கின்றன. எண்ணெயை மாற்றியதால் அவை திரும்பச் சுருங்கிவிடப் போவதில்லை. ஒன்று இருக்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும், அல்லது சறுக்கலில் மீன் மூட்டையோடு இறங்கும்போது, முழுப் பலத்தோடு பிடிக்கும் அந்த ஒரு பிடியில் வழிவிட்டுவிடும். புது ரப்பர் செட் விமானத்தில் வரவழைத்தால் இரண்டு வாரம். அவருடைய வண்டியின் ரப்பர் இதற்குப் பொருந்தாது, அது வேறு அளவு. வரும் வழியெல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி இருக்குமா என்று.

"கஜுக்," என்றார். "நாளைக்கு என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

"எதுக்காம்? இதுதான் சரியாயிடுச்சே."

"என் வண்டி கனம் ஜாஸ்தி. சறுக்கல்ல நின்னு இறங்கும்."

மேலேயிருந்து மெதுவாகச் சொன்னாள்: "கஜுக், பெரியவருக்குச் சொல்லு. எனக்கு அந்தச் சறுக்கலப் பாத்தாப் பயமா இருக்கு. இந்த வண்டியப் பாத்தாலும் பயமா இருக்கு. இதுலயே ஒரு தடவை இறங்கிட்டேன்னா பயம் விட்டுடும். இல்லேன்னா இந்த வண்டி இங்கயே துருப்பிடிச்சுக் கிடக்கும், அவரு வந்து பாத்தா மனசு ஒடிஞ்சுபோயிடுவாரு. அதான்."

மோசேசி ஸ்பானரை மறுபடி நிப்பிளில் மாட்டினார். "கடைசியா ஒரே ஒரு தடவை பிடிக்கச் சொல்லு," என்றார். தேவையே இல்லை, வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் நேரம் வேண்டும், அதற்காகத்தான்.

"பிடிச்சாச்சு."

அவர் நிப்பிளைத் திறந்தார். சுத்தமான ஆயில் ஒரு வாய் ஜாடியில் விழுந்தது. லிவர் கைப்பிடி வரை இறங்கி நின்றிருக்கும். இனி மூட வேண்டியதுதான். ஸ்பானர் கையில் இருந்தது. அவர் மூடவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய ரப்பர் பூட்ஸ் ஒன்று மட்டும்தான், கால் வைக்கும் தட்டின் மேல்.

"கஜுக்," என்று ஆரம்பித்தார். "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஜூலையில இந்த வண்டியில…"

அப்போது பார்த்துக் கீழே கடற்கரையில் யாரோ மீன் வெட்டிய குப்பையைக் கொட்டினார்கள் போலிருக்கிறது. காக்கைகள் கத்தின. கஜுக் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தன் உத்தியோகத்தை அப்படியே விட்டுவிட்டு, சரளைக் கல் சரசரக்க இறங்கிப் போனது. மோசேசி அது போவதைச் சக்கரத்துக்கு நடுவே பார்த்தார். கூப்பிட்டால் வராது. இனி அவருக்கும் அந்தப் பூட்ஸுக்கும் நடுவே யாரும் இல்லை.

நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஜூலையில இந்த வண்டியில பிரேக் ஆயில் ஊத்தல. பனிவண்டி எண்ணெய ஊத்தினேன். நான்தான். ஊத்தக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன். கப்பல் வரும்வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். அவனுக்குத் தெரியாது, அவன் வெளிய நின்னுக்கிட்டு இருந்தான். உள்ள ரப்பரெல்லாம் கெட்டுக் கிடக்கு. இப்பப் பிடிக்கும். சறுக்கல்ல பிடிக்காது. இந்த வண்டியில போகாதீங்க. அவன விழவச்சது குழாய் இல்ல, நான்."

வார்த்தைகள் நேராகப் போய்விட்டன. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, அதுவும் இந்த வார்த்தைகள். அவள் இறங்கிப் போய்விடுவாள், லிவரை விட்டுவிடுவாள், குழாயில் குமிழிகள் ஏறும், செய்த வேலையெல்லாம் பாழாகும், ஆகட்டும் என்று காத்திருந்தார். குழாயில் ஆயில் நின்ற இடத்திலேயே நின்றது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கைப்பிடியோடு சேர்த்து அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிடியில் முன்சக்கரம் லேசாக நடுங்குவது அவருடைய முழங்கைக்குத் தெரிந்தது. அவர் மூடலாம். மூட வேண்டும். கை வரவில்லை. அவள் அழுகிறாளா என்றும் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது.

"மூடுங்க. கை வலிக்குது."

நாய் கீழே கடற்கரையில் இருந்தது. அவர் மூடினார்.

"விடலாம்," என்றார்.

பூட்ஸ் இறங்கிச் சரளையில் நின்றது. சுற்றி வந்தது. அவள் குனிந்து சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்தாள், நிமிர்ந்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். அவர் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, பையிலிருந்த ரப்பர் தகட்டை எடுத்து சீட்டின் மேல் வைத்தார். அவள் அதையும் எடுத்துக்கொண்டாள். படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் ஸ்பானர்களைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. கஜுக் ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, எதுவும் நடக்காதது போல அவருடைய காலடியில் போட்டு நக்க ஆரம்பித்தது. அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வானொலி கேட்டது. ஊலீப்பிக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், "மறுபடியும் நபாச்சி. என்னாச்சு, பிரேக்கு சரியாயிடுச்சா?"

மோசேசி துடைப்பதை நிறுத்தினார். ஊர் முழுக்கக் கேட்கிற இடம் அது. சொல்லட்டும், சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஸ்பானரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நபாச்சி பேசறேன்." அவளுடைய குரல் ஜலதோஷம் பிடித்தது போல இருந்தது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "இன்னும் ஆகல. உள்ள ரப்பர் மாத்தணும். யாருகிட்டயாவது இந்த வண்டிக்குப் பொருந்தற ரப்பர் செட் இருந்தா சொல்லுங்க. நாளைக்கு எனக்கு வேற வண்டி ஒண்ணு வேணும். கனமான வண்டியா இருந்தா நல்லது." பிறகு சேர்த்தாள். "வலை இழுக்கறதுக்கு ஒரு ஆளும் வேணும். தனி வண்டியில வரணும். சிமியோனிக்கு மீன் அனுப்பணும், அவ்வளவுதான்."

ஊலீப்பிக்கா இந்த முறை சிரிக்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

நாளைக்குத் தனக்கு லேவியிடம் ஒரு வண்டி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபடி மோசேசி தன் வண்டிக்குப் போய்ச் சாவியை உருவினார். அது ஒரு கலைமான் கொம்புத் துண்டில் கோத்திருந்தது, பல வருடம் முன்னால் சிமியோனி செதுக்கிக் கொடுத்தது. குனிந்து, நாயின் கழுத்தில் கிடந்த பழைய கயிற்றில் அதை முடிந்தார்.

"போ," என்றார். "கொண்டுபோய்க் குடு."

கஜுக் அவரையும் மீன் தலையையும் பார்த்தது. பிறகு மனசில்லாமல் மீன் தலையை விட்டுவிட்டு, ஒரு படி ஏறி நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறியது. ஒவ்வொரு படிக்கும் சாவி கொம்பில் பட்டுக் கிணுக்கென்றது. மேலே போய் மூடிய கதவின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே நடக்கும் காலடிச் சத்தத்தைக் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.